மழை நாள் கழிவு

உங்கள் நிறை எவ்வளவு என்று கேட்டால் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவீர்கள். சரி, அந்த எண் உண்மையென்று உங்களுக்கு யார் சொன்னது? குளியலறை மூலையில் கிடக்கும் மெஷினா? அந்த மெஷின் பொய் சொல்லவில்லை என்பதற்கு யார் சாட்சி?

கெலிஓயாவில் பெரிய வீதியிலிருந்து நாற்பத்திரண்டு படி ஏறினால் வரும் சின்ன வீட்டில், அறுபத்துமூன்றாவது வயதில், பியட்றிஸுக்கு இது உயிர்க் கேள்வியாக வந்து நின்றது. இருதயம் பலவீனப்பட்டு, கால் இரண்டும் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, கண்டியில் பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிய அன்று, மதனி என்ற தாதி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வார்டில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். இருந்தும் அவசரப்படவில்லை.

“அம்மா, வடிவாக் கேளுங்கோ. உங்கட இருதயம் களைச்சுப் போச்சு. அது ஒழுங்கா இறைக்காட்டி உடம்பில தண்ணி தேங்கும். வீக்கம் கண்ணுக்குத் தெரிய முந்தியே நிறை காட்டிக் குடுத்திடும். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, பாத்ரூம் போய்ட்டு வந்து, தேத்தண்ணி குடிக்க முந்தி, ஒரே மாதிரி உடுப்போட ஏறி நிண்டு பாருங்கோ. மூண்டு நாளுக்குள்ள ரெண்டு கிலோ கூடினா உடன எனக்குக் கோல் எடுங்கோ.”

“ரெண்டு கிலோ தானே மிஸ்ஸி? நல்லா ரெண்டு நாள் சாப்பிட்டா கூடிரும்.”

“இது சோத்தில கூடுறது இல்லையம்மா. தண்ணி. விட்டால் நெஞ்சுக்குள்ள ஏறிவிடும். இந்தக் கட்டிலில திரும்ப உங்களைப் பாக்க எனக்கு விருப்பமில்லை.”

கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் மதனி தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தார். அப்படிக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அந்த அட்டையைப் பியட்றிஸ் பைபிளுக்குள் வைத்தார்.

அந்த வாரமே மகள் ஜெஸ்மின் கண்டி டவுனுக்குப் போய் நிறை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவந்தாள். வெள்ளை உடம்பு, வட்ட முகம், சிவப்பு முள். பியட்றிஸுக்கு அதைக் கண்டவுடனே பிடித்துப்போனது. முள் தெரிகிறதே! அவர் இருபத்தெட்டு வருடம் நிறுக்கப்பட்டவர். ஆனால் தராசின் முள்ளை ஒரு நாளும் கண்டவரில்லை.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து எடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று தரம் நிறுவை. கொழுந்தைச் சாக்கில் கட்டித் தொங்கு தராசில் மாட்டுவார்கள். தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம், முதுகு பறித்தவளின் பக்கம். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், மனதுக்குள் கழிப்பார், பிறகு வாயால் ஓர் எண்ணைச் சொல்வார். சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. முற்றல் இலைக்கு ஒரு கிலோ கழிவு. மழை நாளென்றால் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு இன்னும் இரண்டு. சாக்கு ஒரு கிலோ இருக்குமா, எந்தத் தண்ணீர் இரண்டு கிலோ என்று கேட்டவளின் கொழுந்தில் மறுநாள் முற்றல் கூடிவிடும். சொன்ன கிலோவுக்குக் கீழே போனால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அட்டைக் கடியில் நின்ற முழு மனுஷிக்குப் பாதிப் பெயர்! அதை எழுதியவர்கள் யாரும் தங்கள் பெயரைப் பாதியாக எழுதிப் பார்த்ததில்லை.

இப்போது முள் அவருடைய காலடியில், அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஆனால் அந்த முள் முதல் நாள் ஐம்பத்தைந்து என்றது. இறங்கி மறுபடி ஏறினால் ஐம்பத்தொன்று. இறங்கிய பிறகும் பூச்சியத்துக்கு வராமல் இரண்டில் நின்று யோசித்தது.

“இது சரிவராதும்மா,” என்று ஜெஸ்மின் மறுபடி போனாள். இந்தத் தரம் வந்தது கண்ணாடி மெஷின். ஏறினால் சிவப்பு எழுத்தில் எண் மட்டும் எரியும். பியட்றிஸ் அதைச் சந்தேகத்தோடு சுற்றிவந்தார்.

“முள்ளும் இல்ல, ஒன்னும் இல்ல. உள்ளுக்குள்ள ஒரு கணக்கப்பிள்ளை ஒக்காந்து சொல்றான்.”

“ஏறிப் பாருங்கம்மா, பேசாம.”

ஐம்பது தசம் எட்டு. மறுபடி, ஐம்பத்துமூன்று தசம் நான்கு. மறுபடி, ஐம்பத்திரண்டு தசம் ஒன்று.

“நான் சொல்லல?” என்றார் பியட்றிஸ். வெற்றிதான், ஆனால் சிரிக்க முடியவில்லை. இரண்டு கிலோ கூடினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலோ அசையாமல் நின்றால்கூட இரண்டரை கிலோ ஆடுகிற மெஷின். காய்ச்சல் பார்க்கும் குழாய் தானே காய்ச்சலில் கிடந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது?

ஜெஸ்மின் படிப்பிக்கும் பாடசாலையில் றம்லத் என்று ஒரு சக ஆசிரியை. அவள்தான் வழி சொன்னாள். “எங்கட நானா மடவளைல மிளகு, கராம்பு வாங்கி விக்கிறார். முத்திர அடிச்ச படிக்கல்லு வெச்சிருக்கார். ரெண்டு மெஷினையும் தூக்கிட்டுப் போங்க டீச்சர். எது பொய்யின்னு கல்லு செல்லும்.”

ஒரு சனிக்கிழமை காலை தாயும் மகளும் கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடவளைக்கு ஒரு பஸ் என்று ஏறினார்கள். மடியில் ஆளுக்கொரு மெஷின். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு எதுக்குக்கா? ஒரு காலுக்கு ஒன்னா?”

“ரெண்டும் சண்டை புடிக்குதுங்க. மத்தியஸ்தத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றார் பியட்றிஸ். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. ஜெஸ்மின் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

றம்லத்தின் அண்ணன் பஹ்மியின் கடையில் மிளகு வாசம் மூக்கைத் துளைத்தது. மூட்டைகளுக்கு நடுவில் சீமெந்துத் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. பஹ்மிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில்.

“றம்லத் செல்லிட்டா. வாங்க, இரிங்கம்மா. தேத்தண்ணி குடிங்க.”

“ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒன்னரை லீட்டர்தான்னு டொக்டர் சொல்லியிருக்காரு தம்பி. அளந்துதான் குடிக்கிறேன்.”

“அப்ப அரக் கோப்ப. மீதி அரய நான் குடிக்கிறன்.”

உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திறந்தார். ஐந்து கிலோ இரும்புப் படிக்கற்கள், எட்டு. ஒன்றைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். ஒரு குழி, அதில் ஈயம், ஈயத்தின்மேல் அரசாங்க முத்திரை.

“வருஷா வருஷம் கொண்டு போய்க் காட்டோணும். தேஞ்சி ஈந்தா ஈயம் ஊத்திச் சரிக்கட்டி, பொறவு முத்திர. மிளகு கொண்டு வாறவங்க யாரு? வீட்டுக்குப் பின்னால நாலு மரத்துல கொடி ஏத்தின ஏழைங்க. நூறு கிராம் நான் அடிச்சா அது எனக்கு ஹராம்.”

நாலு கல்லை எடுத்துச் சிவப்பு முள் மெஷினில் அடுக்கினார். இருபது கிலோ. முள் பதினேழில் நின்றது. எடுத்து மறுபடி அடுக்கினார். பத்தொன்பது. மூன்றாம் தரம், பதினெட்டு.

“இது தராசு இல்லம்மா,” என்றார் பஹ்மி. “லொத்தர்ச் சீட்டு மெஷின்.”

“முள்ளு தெரிஞ்சுச்சே தம்பி…”

“முள்ளு எல்லாருக்கும் தெரியும். முள்ளு செல்லுறது சரியான்னு கல்லுதான் செல்லும்.”

அந்த வாக்கியம் பியட்றிஸுக்குள் எங்கோ போய் விழுந்தது. கண்ணால் காண்பது பாதிதான். கண்டதைச் சோதித்துப் பார்ப்பது மற்றப் பாதி. இருபத்தெட்டு வருடத்தில் அந்தத் தொங்கு தராசில் ஒரு படிக்கல்லைத் தொங்கவிட்டு யாரும் அவருக்குக் காட்டியதில்லை. காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு கண்ணாடி மெஷின். நாலு கல், இருபது தசம் பூச்சியம். எடுத்து வைத்தால் அதே இருபது. எட்டுக் கல், நாற்பது தசம் ஒன்று. பியட்றிஸை ஏறச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு தசம் மூன்று. இறங்கி ஏறினால் அதே ஐம்பத்திரண்டு தசம் மூன்று.

“இது நல்ல சாமானாச்சே! வீட்டில ஏன் அப்படி ஆடிச்சு?” என்றாள் ஜெஸ்மின்.

பஹ்மி கொஞ்சம் யோசித்தார். “வீட்டுல எங்க வெச்சீங்க?”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாய் மேல,” என்றார் பியட்றிஸ். “விடியக்காலைல தரை சில்லுன்னு இருக்குங்க.”

பஹ்மி ஒரு வெறும் சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் மெஷினை வைத்து, அதே நாலு கல்லை அடுக்கினார். பதினெட்டு தசம் ஆறு! சாக்கை உருவிவிட்டு அடுக்கினார். இருபது.

“பாத்தீங்களா, சாக்கு திங்குது கிலோவ!”

“சாக்கு எப்பவும் திங்கும் தம்பி,” என்றார் பியட்றிஸ். “எங்க தோட்டத்துல நல்லாவே திங்கும்.”

புறப்படும்போது அவர் ஒரு கல்லின் ஈயத்தை விரலால் தடவிப் பார்த்தார். பஹ்மி அவசரப்படுத்தவில்லை. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். மூடி திறக்காத ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெறுமனே ஏறிப் பார்த்துவிட்டு, போத்தலோடு ஏறிப் பார்க்க வேண்டும். ஐந்து கிலோ கூடினால் மெஷின் நேர்மையானது.

அன்றிலிருந்து கண்ணாடி மெஷின் குளியலறை வாசலில் வெறும் சீமெந்துத் தரையில் இருந்தது. பியட்றிஸ் ஐந்தரைக்கு எழுந்து ஏறி நிற்பார். எண்ணை மாதா கோயில் கலண்டரில் அந்தந்தத் திகதிக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுவார். அந்த நேரத்தில் ஜெஸ்மின் பாடசாலைக்குப் போக சமையலறையில் ஓடிக்கொண்டிருப்பாள். 52, 52, 52. மதனி கிளினிக்கில் அந்தக் கலண்டர் தாளைப் பார்த்து, “கெட்டிக்காரி,” என்றார். பியட்றிஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கெலிஓயாவில் நாலு நாள் வெயிலே இல்லை. படியெல்லாம் ஆறு. கலண்டரில் 52, 52, 53, 52. ஆனால் ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, அம்மா மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருப்பதை ஜெஸ்மின் கண்டாள். குளியலறைக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி நிரம்ப நேரமெடுத்தது.

ஜெஸ்மின் கலண்டரைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தலோடு தானே ஏறி மெஷினைச் சோதித்தாள். சரியாக ஐந்து கூடியது. மெஷினில் பிழை இல்லை. பைபிளிலிருந்து அட்டையை எடுத்து, மதனிக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“மிஸ், நிறை கூடவே இல்ல. ஆனா கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது. எனக்கு ஒன்னுமே விளங்கல.”

“கலண்டரை விடுங்கோ. அம்மாவை இப்ப ஏத்தி நிப்பாட்டுங்கோ. நான் லைனில நிக்கிறன்.”

பியட்றிஸ் மெதுவாக ஏறினார். ஜெஸ்மின் குனிந்து வாசித்தாள். “அம்பத்தஞ்சு தசம் நாலு.”

“அம்பத்திரெண்டுன்னு சொல்லு புள்ள,” என்று திருத்தினார் பியட்றிஸ்.

“ஏம்மா? அம்பத்தஞ்சு தானே எரியுது?”

“சுவெட்டருக்கு ஒன்னு. மழை நாளுக்கு ரெண்டு. கழிச்சுட்டுத்தானே சொல்லணும்?”

வெளியே மழை தகரத்தில் கொட்டியது.

“எத்தனை நாளாக் கழிக்கிறீங்க?” ஜெஸ்மின் நிமிர்ந்து கேட்டாள்.

“மழை புடிச்சதுல இருந்து. தூறலுக்கு ஒன்னு, நல்ல மழைன்னா ரெண்டு. தோட்டத்துல கொழுந்துச் சாக்கு நிறுக்கிறப்ப அப்படித்தானே…” சொல்லி முடிக்கும் முன்பே பியட்றிஸுக்கு விளங்கிவிட்டது. மெஷினுக்குள் கணக்கப்பிள்ளை இல்லை. அவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். தன் கைக்குள், பென்சில் முனையில்.

அநியாயத்தின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். இருபத்தெட்டு வருடம் ஒருத்தியின் உழைப்பிலிருந்து கழித்தார்கள். கழிக்கிறவனையும் தராசையும் தோட்டத்தையும் அவள் விட்டு வந்த பிறகும், அந்தப் பழக்கம் அவளுடைய சொந்தக் கைக்குள் குடியிருந்து அவளையே கழித்துக்கொண்டிருந்தது. இலையில் இல்லாத தண்ணீருக்கு அன்று கழித்தார்கள். உடம்பில் இருந்த தண்ணீரை இன்று அவரே கழித்தார்.

“அம்மா,” என்றார் மதனி. ஏசவில்லை. ஏசியிருந்தால் பியட்றிஸ் அழுதிருக்க மாட்டார். “உங்களை ஒருத்தரும் சாக்கில கட்டித் தூக்கேல்லை. அந்த மூண்டு கிலோவும் உங்கட. இனி ஒரு கிராமும் கழிக்கப்படாது, விளங்குதோ?”

“வெளங்குது மிஸ்ஸி.”

“இன்னொண்டு கேக்கிறன், பொய் சொல்லப்படாது. உப்பும் தண்ணியைத் தேக்கும். கருவாடு சாப்பிட்டனீங்களோ?”

பியட்றிஸ் கூரையைப் பார்த்தார். “மழைக்கு… கொஞ்சமா…”

“அம்மா!” என்றாள் ஜெஸ்மின்.

“சரி, சண்டையைப் பிறகு பிடியுங்கோ. இப்பவே வெளிக்கிட்டு வாங்கோ. நான் டொக்டருக்குச் சொல்லி வைக்கிறன்.”

கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பியட்றிஸைக் கதிரையோடு தூக்கி, நாற்பத்திரண்டு படியும் மழையில் இறக்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள். ஊசி போட்டு, நாலு நாள் வைத்திருந்து, தேங்கிய தண்ணீரை எல்லாம் வெளியேற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சுவெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தரையில், தேத்தண்ணி குடிக்க முன்பு பியட்றிஸ் ஏறி நின்றார். ஐம்பத்திரண்டு தசம் ஒன்று. கலண்டரில் அந்தத் தசத்தையும் சேர்த்து எழுதினார்.

ஞாயிறன்று மாதா கோயிலில் நாலு மெழுகுதிரி ஏற்றினார். அது அவர் நம்பிக்கை, அவர் உரிமை. ஆனால் ஒவ்வொரு திரிக்கும் ஒரு மனிதப் பெயர் வைத்தார் பாருங்கள், அதுதான் அழகு. ஒன்று மதனிக்கு. ஒன்று ஜெஸ்மினுக்கு. ஒன்று கதிரை தூக்கிய இரண்டு பையன்களுக்கும் சேர்த்து. நாலாவது, மடவளைப் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்த மிளகு வியாபாரி பஹ்மிக்கு. அடுத்த சனிக்கிழமை ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு மறுபடி மடவளைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பஹ்மி பழத்தை வாங்கி மேசையில் வைத்தார், நிறுக்கவில்லை.

“கல்லுக்குத்தான் நன்றி செல்லோணும் அம்மா. நான் தூக்கி வெச்சது மட்டும்தான்.”

“கல்லு பொய் சொல்லாதது கல்லோட கொணம் தம்பி. அதை வருஷா வருஷம் கொண்டுபோய்க் காட்டுறது உங்க கொணம்.”

அன்று வீடு திரும்பியதும், தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கும் பழைய கூட்டாளி ஒருத்திக்குப் போன் போட்டார். “அடியே, அஞ்சு லீட்டர் தண்ணிப் போத்தல் ரெண்டைச் சாக்குல கட்டி அந்தத் தராசுல தொங்கவிடு. பத்துக் காட்டுதான்னு பாரு.”

“போத்தலோட போனா கணக்கப்பிள்ளை வெரட்டுவான்டி.”

“ஒருத்தி போனா வெரட்டுவான். இருபது பேர் போத்தலோட போங்க.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு, “எந்தக் கடையில போத்தல் இருக்கு?” என்ற கேள்வி.

நீங்களும் எழுந்திருங்கள். உங்கள் வீட்டு மெஷினைப் பாயிலிருந்து எடுத்து வெறும் தரையில் வையுங்கள். வெறுமனே ஏறிப் பாருங்கள், பிறகு மூடி திறக்காத ஐந்து லீட்டர் தண்ணீரோடு ஏறிப் பாருங்கள். ஐந்து கூடாவிட்டால் அந்த மெஷினை நம்பாதீர்கள். வீட்டில் இருதய நோயாளி இருந்தால் இதை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஏறி நிற்கும்போது பக்கத்தில் நின்று எண்ணை நீங்களும் வாசியுங்கள். அப்படியே, எங்காவது ஒரு நிறுவையில் தராசின் முகம் உழைத்தவளுக்குத் தெரியாமல் திரும்பியிருக்கக் கண்டால், வாய் திறந்து கேளுங்கள்: “அந்தத் தராசைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்.”